டிராக்டர் ஒழுகுதா? கார்புரேட்டரை மாத்தாதீங்க

பொட்டி தட்டறவன் டிராக்டரைப் பத்தி எழுத வந்துட்டானேன்னு சிரிக்காதீங்க. ரெண்டு மாசமா சனி, ஞாயிறு ஆனா என் கையில பெட்ரோல் வாசம்தான். தங்கமணி சோத்துத் தட்டை ஒரு அடி தள்ளி நின்னு நீட்டற நிலைமைக்கு வந்தாச்சு. அந்த அனுபவத்துல எனக்கு ஒரு கருத்து உருவாகியிருக்கு. அதை முதல்லயே சொல்லிடறேன். ஒண்ணு ஒழுகினா, ஏன் ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி எதையும் மாத்தாதீங்க. "மாத்தித்தான் பாப்போமே"ங்கறது ரிப்பேரே கிடையாது, அதுக்குப் பேரு ஷாப்பிங். இதை நான் காசு குடுத்துக் கத்துக்கிட்டேன். அதுவும் என் காசு.

இனி கதை.

நான் குடியிருக்கறது ஒஹாயோவுல ஒரு சின்ன ஊருக்கு வெளிய. பக்கத்து வீட்டுல ஒரு தாத்தா. எழுபத்தஞ்சு தாண்டினவர். நிலத்தையெல்லாம் குத்தகைக்கு விட்டு பல வருஷம் ஆச்சு, ஆனா ஒரே ஒரு டிராக்டரை மட்டும் விக்கல. ஃபோர்டு 8என். மேல சாம்பல் கலர் தகரம், கீழ சிவப்பு அடிவயிறு. அவரோட அப்பா 1951ல புதுசா வாங்கினதாம். பனி கொட்டினா பின்னாடி பிளேடு மாட்டி தெருவரைக்கும் வழி தள்ளி விடுவார். என் வீட்டு வாசலையும் சேர்த்துத்தான். அதனால அந்த டிராக்டர் மேல எனக்கும் ஒரு நன்றிக்கடன் உண்டு.

ரொம்ப அரிய வண்டின்னு நினைச்சுடாதீங்க. 1947லேருந்து 1952க்குள்ள அஞ்சு லட்சத்துக்கு மேல ஓட்டி விட்டிருக்காங்க. இதுக்கு முன்னோடி 1939ல வந்த 9என். அதுக்குப் பின்னாடி ஒரு சுவாரசியமான சண்டை இருக்கு. ஹென்றி ஃபோர்டும் ஹாரி ஃபெர்குசனும் 1938ல எழுத்துல எதுவும் போட்டுக்காம வெறும் கை குலுக்கி ஒப்பந்தம் பண்ணாங்க. ஃபெர்குசனோட மூணு புள்ளி இணைப்பு, ஃபோர்டோட தொழிற்சாலை. தாத்தா காலத்து ஒப்பந்தம் பேரன் காலத்துல முறிஞ்சு, வழக்காகி, 1952ல ஃபோர்டு கம்பெனி 92.5 லட்சம் டாலர் குடுத்து முடிச்சுக்கிட்டது. அந்த ஃபெர்குசன் பேருதான் பின்னாடி மாஸ்ஸி ஃபெர்குசன் ஆகி, 1960ல சென்னையில டாஃபே வழியா நம்மூர் வயலுக்கும் வந்துச்சு. ஏர்க் கலப்பையைத் தூக்கி இறக்கற அந்த மூணு கம்பி இன்னிக்கும் பெரும்பாலான டிராக்டர்ல இருக்கு. சரி, இதை ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன். ஒழுகலுக்கு வருவோம்.

தாத்தாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகியிருந்த சமயம். டிராக்டரை வெளியேருந்து கொட்டகைக்குள்ள கொண்டு போய் விடச் சொன்னார். நானும் பெருமையா ஓட்டிட்டுப் போய் நிறுத்திட்டு வந்தேன். மறுநாள் காலையில ரெண்டு பேரும் கொட்டகைக் கதவைத் திறக்கறோம், குப்புனு பெட்ரோல் வாடை. உள்ள இருட்டு. நான் பழக்கதோஷத்துல லைட் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். "தொடாதே!" அந்த வயசுல அப்படி ஒரு குரல் வரும்னு நான் எதிர்பார்க்கல.

பெட்ரோல் ஆவி காத்தை விட கனம். தரையோட படுத்துக் கிடக்கும். ஒரு ஓரத்துல வைக்கோல் கட்டு, நாப்பது அடி தள்ளி அவர் வீடு. அந்தப் பழைய சுவிட்சுல ஒரு பொறி பறந்திருந்தா இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பெரிய கதவு ரெண்டையும் திறந்து போட்டுட்டு ரெண்டு மணி நேரம் வெளிய உக்காந்திருந்தோம். அவர் என்னைத் திட்டல. "டேப்பை மூடினியா?"ன்னு மட்டும் கேட்டார்.

மூடல.

இந்த வண்டியில பெட்ரோல் டாங்க் இன்ஜினுக்கு மேல இருக்கு. பம்ப் கிடையாது. தண்ணித் தொட்டியிலேருந்து குழாய்க்கு வர்ற மாதிரி தானா இறங்கும். டாங்குக்கு அடியில ஒரு கண்ணாடிக் கிண்ணமும் ஒரு டேப்பும். எங்கப்பா பஜாஜ் சேத்தக் வச்சிருந்தப்போ, வண்டியை நிறுத்தினதும் குனிஞ்சு பெட்ரோல் டேப்பை மூடுவார். எவனாவது பெட்ரோல் திருடிடுவான்னு பயப்படறார் போலன்னு நான் சின்ன வயசுல நினைச்சுக்கிட்டேன் :-) காரணம் இப்பத்தான் புரியுது. கார்புரேட்டருக்குள்ள இருக்கற ஒரு குட்டி ஊசியை நம்பி ஒரு டாங்க் பெட்ரோலை ராத்திரி பூரா விட்டு வைக்கக் கூடாது.

அந்த ஊசி என்னன்னு சொல்லிடறேன், இல்லேன்னா மிச்சம் புரியாது. கார்புரேட்டர் அடியில ஒரு கிண்ணம். அதுல ஒரு மிதவை. பெட்ரோல் ஏற ஏற மிதவை மேல வந்து ஊசியை ஒரு ஓட்டையில அழுத்தும், வரத்து நின்னுடும். நம்ம வீட்டு ஃப்ளஷ் டாங்க்ல இருக்கற பந்து செய்யற அதே வேலை. ஊசி சரியா அடைக்கலேன்னா கிண்ணம் ரொம்பி வழியும். இந்த டிராக்டர்ல இருக்கறது மார்வெல் ஷெப்லர் கார்புரேட்டர், காத்து கீழேருந்து மேல போற வகை. அது இன்ஜினோட மேனிஃபோல்டுக்கு அடியில தொங்குது. அதனால வழியற பெட்ரோல் சிலிண்டருக்குள்ள ஏறாம, காத்து உள்ள வர்ற வாய் வழியா தரையில சொட்டும். இன்ஜினுக்கு நல்லது, கொட்டகைக்குக் கெட்டது. அதுலயும் இந்த வண்டியில உள்ள போற பாதையும் புகை வெளிய வர்ற பாதையும் ஒரே வார்ப்பு. சூடான இரும்புக்கு நேர் கீழ ஒழுகற பெட்ரோல். இந்த ஊர்ல பழைய டிராக்டர் வச்சிருக்கறவங்க சில பேர் "அந்தக் காலத்து வண்டின்னா கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்"னு சொல்றதைக் கேட்டிருக்கேன். எனக்குக் கோவம்தான் வருது. ஆயில் ஒழுகினா பரவாயில்லைன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

சரி, அப்புறம் நான் என்ன பண்ணேன்? ஃபோனை எடுத்தேன். அஞ்சு நிமிஷத்துல ஒரு புது கார்புரேட்டர் ஆர்டர். தப்பு என் மேல, அதனால காசும் என்னோடதுன்னு பெருந்தன்மையா சொல்லிட்டேன். தாத்தா, "ஏன் ஒழுகுதுன்னு பாக்க வேண்டாமா?"ன்னார். "எழுபது வருஷம் ஆச்சு, தேய்ஞ்சிருக்கும், வேற என்ன?"ன்னேன். இன்ஜினியரிங் படிச்ச வாய். அவர் ஒண்ணும் சொல்லல.

நாலு நாள்ல வந்துச்சு. பளபளன்னு இருந்துச்சு. ஒரு மணி நேரத்துல மாட்டியாச்சு. இன்ஜின் ஓடிச்சு, ஒரு சொட்டு ஒழுகல. தங்கமணிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். மூணு நாள் கழிச்சு டேப்பைத் திறந்தா, புதுசும் ஒழுகுது. அதே இடம், அதே வேகம்.

நம்ம பொழப்புல இதை எத்தனை தடவை பாத்திருக்கோம். சர்வர் படுத்துக்கும், ரீஸ்டார்ட் பண்ணுவோம், எழுந்துக்கும், "சரியாயிடுச்சு"ன்னு டிக்கெட்டை மூடிட்டு டீ குடிக்கப் போயிடுவோம். வியாழக்கிழமை ராத்திரி மறுபடி ஃபோன் வரும். அப்ப எல்லாம் மேனேஜரைத் திட்டிக்கிட்டே லாகைத் தோண்டுவேன். அதே ஆள் ஒரு டிராக்டர் முன்னாடி நின்னதும் மூளையை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்.

தாத்தா வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு வந்து ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்தார். அன்னிக்குத்தான் அவர் சொல்லச் சொல்ல ஒழுங்கா வேலை நடந்துச்சு. அவர் கேட்டது ரெண்டே கேள்வி. எங்க ஒழுகுது? எப்ப ஒழுகுது?

கேக்க சாதாரணமா இருக்கு, ஆனா இதுலயே முக்கால்வாசி விஷயம் தெரிஞ்சுடும். எப்பன்னு எடுத்துக்குங்க. இன்ஜினை அணைச்ச உடனே வாயிலேருந்து ரெண்டு மூணு சொட்டு விழுந்து நின்னுட்டா, இந்த வகை கார்புரேட்டர்ல அது சகஜம். மேல போய்க்கிட்டிருந்த பெட்ரோல் இழுப்பு நின்னதும் கீழ விழுது, அவ்வளவுதான். அதுக்குன்னே வாய்க்கு அடியில சின்ன ஓட்டை வச்சிருக்கான். சோக்கை ரொம்ப நேரம் இழுத்தாலும் சொட்டும். ஆனா இன்ஜின் ஓடாம, டேப் மட்டும் திறந்திருக்கும்போது நிக்காம சொட்டிக்கிட்டே இருந்தா, ஊசி அடைக்கலைன்னு அர்த்தம். டேப்பை மூடின பிறகும் மணிக்கணக்கா சொட்டினா டேப்பையும் சேர்த்து சந்தேகப்படணும்.

எங்கங்கறது இன்னும் ஏமாத்தும். ஈரமா இருக்கற இடம்தான் கோளாறுன்னு நினைப்போம். எங்களுக்கு கார்புரேட்டரோட மேல் பாதியும் கீழ் பாதியும் சேர்ற கேஸ்கெட் நனைஞ்சிருந்துச்சு. நான் உடனே "கேஸ்கெட் போயிடுச்சு"ன்னேன். தாத்தா சிரிச்சார். பெட்ரோல் மட்டம் ஒழுங்கா இருந்தா அந்த கேஸ்கெட் வரைக்கும் ஏறவே ஏறாதாம், அதுக்குக் கீழேயே நிக்கணுமாம். அதாவது அந்த கேஸ்கெட் நனைஞ்சா, கேஸ்கெட்டைக் குத்தம் சொல்லக் கூடாது, மட்டம் ஏன் ஏறிச்சுன்னு கேக்கணும். இதை நான் எங்க ஆபீஸ்ல போஸ்டர் அடிச்சு ஒட்டலாம்னு இருக்கேன்.

அடுத்து ஸ்குரூடிரைவர் கைப்பிடியால கிண்ணத்தை லேசா ரெண்டு தட்டு தட்டச் சொன்னார். சொட்டு நின்னுடுச்சு! பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி ஆரம்பிச்சுது. அப்போ ஊசி தேயல, ஏதோ ஒரு தூசி நடுவுல மாட்டுது. புது கார்புரேட்டருக்குள்ள தூசி எங்கேருந்து வந்துச்சு?

டாங்குக்கு அடியில இருக்கற கண்ணாடிக் கிண்ணத்தைக் கழட்டினோம். அடியில காப்பித்தூள் மாதிரி ஒரு படிவு. துரு. பாதி டாங்க் பெட்ரோலோட குளிர்காலம் முழுக்க நின்னா, மேல் பாதியில ஈரம் வேர்த்துத் துரு பிடிக்கும். போதாததுக்கு இங்க பங்க்ல கிடைக்கற பெட்ரோல்ல வழக்கமா பத்து சதவீதம் வரைக்கும் எத்தனால் கலப்பு. அது தண்ணியை இழுத்து வச்சுக்கும்.

இதுலேருந்து காப்பாத்தத்தான் இந்த வண்டியில மூணு சல்லடை வச்சிருக்கான். ஒண்ணு டாங்குக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கும், ரெண்டாவது கண்ணாடிக் கிண்ணத்துக்கு மேல, மூணாவது கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் நுழையற பித்தளை முழங்கை மூட்டுல. முதல் சல்லடை கிழிஞ்சு தொங்குச்சு. ரெண்டாவதைக் காணவே காணோம். மூணாவது? "அந்த முழங்கை எங்க?"ன்னார் தாத்தா. புது கார்புரேட்டரோட ஒரு வெறும் மூட்டு வந்துச்சு, சல்லடை இல்லாதது. அதைத்தான் நான் மாட்டியிருந்தேன். பழைய முழங்கையை, கார்புரேட்டரோட சேர்த்து, குப்பைன்னு ஒரு வாளியில போட்டிருந்தேன்.

ஆக, கோளாறு கார்புரேட்டர்லயே இல்ல. கோளாறை அப்படியே விட்டுட்டு, மிச்சமிருந்த ஒரே காவல்காரனையும் நானே வேலையை விட்டுத் தூக்கியிருக்கேன். அதுக்குக் காசு வேற குடுத்திருக்கேன்.

வாளி நல்ல வேளையா குப்பைக்குப் போகல. பழைய கார்புரேட்டரை வெளிய எடுத்தோம். நாலு ஸ்குரூ. மேல் பாதியைத் தலைகீழாப் பிடிச்சா மிதவை தொங்குது. பித்தளை மிதவைக்குள்ள ஊசிக்குத்து ஓட்டை இருந்தா பெட்ரோல் உள்ள போய் கனத்து மூழ்கிடும், அப்பவும் இதே மாதிரி ஒழுகும். அதுக்கு ஒரு அழகான சோதனை இருக்கு. முதல்ல காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாக்கணும், உள்ள 'ளொடக்'னா முடிஞ்சுது கதை. சத்தம் இல்லேன்னா வெந்நீர்ல முக்கணும். உள்ள இருக்கற காத்து சூட்டுல விரியும், ஓட்டை இருந்தா முத்து முத்தா குமிழி வரும். எங்களுக்கு வரல. (வெந்நீர் கொண்டு போனது பால் காய்ச்சற பாத்திரத்துல. அது பத்தி இங்க விரிவாப் பேச விரும்பல.)

ஊசியோட கூம்பு முனையில மெல்லிசா ஒரு வளையம் விழுந்திருந்துச்சு. அதனால ஊசி, அது உக்கார்ற சீட், கேஸ்கெட் எல்லாம் உள்ள ஒரு ரிப்பேர் கிட் வாங்கினோம். விலை புது கார்புரேட்டர்ல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. மிதவைக்கும் கேஸ்கெட்டுக்கும் நடுவுல கால் அங்குலம் இருக்கணும். தாத்தா அதுக்கு கால் அங்குல டிரில் பிட்டையே அளவுகோலா வச்சார். அப்புறம் மேல் பாதியைத் தலைகீழா வச்சு, பெட்ரோல் வர்ற ஓட்டையில வாயால ஊதிப் பாத்தோம். காத்து போகல. இதையே முதல் நாள் பண்ணியிருந்தா நான் ஆர்டரே போட்டிருக்க மாட்டேன்.

டாங்கைக் கழட்டி, வினிகர் ஊத்தி, ஒரு கைப்பிடி நட்டு போல்ட்டை உள்ள போட்டு, ரெண்டு நாள் விட்டு விட்டுக் குலுக்கினேன். ரசம் மாதிரி ஒரு தண்ணி வந்துச்சு. சோடா உப்புத் தண்ணியில அலசி, நல்லாக் காய வச்சு, மூணு சல்லடையும் புதுசாப் போட்டு மாட்டினோம். முழங்கை மட்டும் பழசுதான்.

சில பேர் கேப்பீங்க, அப்போ எதையுமே மாத்தக் கூடாதான்னு. அப்படி இல்ல. தண்ணி உறைஞ்சு கிண்ணம் விரிசல் விட்டிருந்தா மாத்தித்தான் ஆகணும். திராட்டில் தண்டு ஓடற துவாரம் தேய்ஞ்சு ஆடினா, வீட்டுல உக்காந்து சரி பண்றது கஷ்டம். அட்ஜஸ்ட் பண்ற ஊசியை எவனாவது முரட்டுத்தனமா முறுக்கி, அது உக்கார்ற இடத்தைக் கெடுத்து வச்சிருந்தாலும் அப்படித்தான். அப்பவும் கண்டுபிடிச்சுட்டு மாத்தறீங்க. அடுத்த தடவை ஒழுகினா எதைப் பாக்கணும்னு உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாம இருந்துச்சு.

"நேரம்தான் காசு, ரெண்டு வாரம் இதுல உக்கார முடியுமா?"ன்னும் கேக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா கணக்குப் போட்டுப் பாத்தேன். எங்க, எப்பன்னு பாக்கவும், தட்டிப் பாக்கவும், கண்ணாடிக் கிண்ணத்தைக் கழட்டவும் மொத்தம் அரை மணி நேரம் கூட ஆகல. புதுசுக்குக் காத்திருந்தது நாலு நாள்.

இன்னொண்ணும் உறுத்துது. இந்த வண்டியில காரணத்தைத் தேட ஒரு ஸ்குரூடிரைவரும் வாயும் போதும். புது டிராக்டர்ல கோளாறு வந்தா திரையில ஒரு நம்பர் வரும். அதுக்கு என்ன அர்த்தம்னு முழுசாத் தெரிஞ்சுக்க வேண்டிய மென்பொருள் டீலர்கிட்ட இருக்கும். "என் வண்டி ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியணும்"னு விவசாயிங்க சண்டை போட்டுத்தான் 2023ல கொலராடோ மாநிலம் அதுக்குன்னு ஒரு சட்டம் போட்டுச்சு, 2024 ஜனவரியில அமலுக்கு வந்துச்சு. 2025 ஜனவரியில அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் இதே விவகாரத்துல ஜான் டியர் மேல வழக்கே போட்டுச்சு. அந்தப் பூட்டை எல்லாம் எழுதறது யாரு? என்னை மாதிரி பொட்டி தட்டறவன்தான். நாங்க எழுதற எர்ரர் மெசேஜைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. "ஏதோ தவறு நடந்துவிட்டது, பிறகு முயற்சிக்கவும்." தாத்தா கேக்கற எங்க, எப்பங்கற ரெண்டு கேள்விக்கும் அதுல பதில் இருக்கா? போன வாரம் என் கோடுல அந்த மாதிரி மூணு மெசேஜைத் தேடிப் பிடிச்சு, எந்த இடம், என்ன காரணம்னு மாத்தி எழுதினேன். ரிவ்யூ பண்ணவன் "இதெல்லாம் யூசருக்கு எதுக்கு?"ன்னு கேட்டிருக்கான். இன்னும் பதில் எழுதல.

டிராக்டர் இப்போ கொட்டகையில நிக்குது. கார்புரேட்டருக்கு அடியில ஒரு டிஷ்யூ பேப்பர் விரிச்சு, டேப்பைத் திறந்து விட்டு, கதவையும் திறந்து வச்சுட்டு, ரெண்டு பேரும் பக்கத்துலயே உக்காந்து ஒரு மணி நேரம் பாத்தோம். காய்ஞ்சே இருந்துச்சு. அப்புறம் தாத்தா டேப்பை மூடச் சொன்னார். மூடினேன். வாக்கரை நகர்த்திக்கிட்டே வந்து தானும் ஒரு தடவை திருகிப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

புது கார்புரேட்டர் என் அலமாரியில ஷோகேஸ் பொம்மை மாதிரி இருக்கு. 8என் வச்சிருக்கற யாராவது இருந்தா சொல்லுங்க, பாதி விலைக்குத் தரேன். ஆனா உங்க சல்லடையை முதல்ல பாத்துட்டு வாங்க :-)